காசு தரமாட்டன் மச்சான், சோறு இருக்கு

நானூறு கிராம் பால்மாப் பைக்கற்றை என் நண்பனிடம் கொடுப்பதற்கு முன் அதன் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவேன். 2022இல் தொடங்கிய பழக்கம் இது. பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். என் வீட்டுக்கு வாங்கியதில் ஒன்றை அவனுடைய சின்ன மகளுக்கென்று கொடுத்தேன். அது வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. சந்தியில் பாதி விலைக்குக் கைமாறி, அன்றிரவே கசிப்பாகிவிட்டது, அதுதான் கள்ளச்சாராயம். அடுத்த பைக்கற்றை வெட்டித்தான் கொடுத்தேன். வெட்டிய பைக்கற்றை யாரும் வாங்கமாட்டார்கள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்குக் கை கூசியது. ஒன்றும் சொல்லாமல் வாங்கி, சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு போனான். அன்றைக்குப் பிள்ளை பால் குடித்தது என்று பிறகு அவன் மனைவி சொன்னாள்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நான் வட்டக்கச்சிப் பக்கம் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன கிணற்று மோட்டர்களைக் கழற்றி, பழைய செப்புக்கம்பியை வெட்டி எடுத்து, புதுக்கம்பி சுற்றி வார்னிஷ் போட்டுக் கொடுப்பது தொழில். அவன் மேசன். முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள்.

வன்னியில் இப்படி ஒரு நண்பன் இல்லாத ஆள் குறைவு. ஆனால் அவனிடம் "இல்லை" என்று சொல்வது எங்களுக்கு மற்ற இடத்து ஆட்களைவிடக் கடினம். காரணம் 2009, போரின் கடைசி வருடம்.

அந்த வருடம் ஜனவரியில் ஊரை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று நகர்ந்து நகர்ந்து மாத்தளனுக்குப் போனோம். இரணைப்பாலையில் வைத்து என் அம்மாவின் முழங்காலில் ஷெல் துண்டு பட்டது. நடக்க முடியாது. ஏப்ரல் 20ஆம் திகதி சனம் நீரேரியைக் கடந்து மறுகரைக்குப் போனபோது, அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நடந்தவன் அவன். நான் இரண்டு பைகளையும் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அதற்கு முந்தைய மாதம்தான் அவனுடைய தம்பி காணாமல் போயிருந்தான். தன் தாயை உறவுக்காரரோடு முன்னே அனுப்பிவிட்டு, என் தாயைத் தூக்கினான். அம்மா இன்னும் இருக்கிறார். அவன் வந்தால் "சாப்பிட்டியோ தம்பி" என்றுதான் முதலில் கேட்பார்.

இப்படிப்பட்டவன் வந்து "மச்சான், ஒரு ஐஞ்ஞூறு இருக்கே?" என்று கேட்டால் எப்படி இல்லை என்பது?

குடி அவனிடம் ஒரே நாளில் வரவில்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து மீள்குடியேறி வந்து, இந்திய வீட்டுத்திட்டம் தொடங்கியபோது மேசன்மாருக்கு ஓயாத வேலை. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாகக் காசு வரும், அதற்குள் கட்டி முடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலு வீடு பார்த்தான். பின்னேரம் உடம்பு நோவுக்கு ஒரு கால் போத்தல். நித்திரை வருவதற்கு இன்னொரு கால். நித்திரைதான் அவனுடைய உண்மையான பிரச்சினை என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. கண்ணை மூடினால் தம்பியின் குரல் கேட்கும் என்று ஒருநாள் சொன்னான், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுடைய தாய், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், சின்ன மகனின் படத்தோடு போய் இருந்தவர். தாய் பந்தலில், மகன் பாரில் என்று ஊர் கதைத்தது. அந்தக் கதை அவன் காதுக்கும் வந்தது.

வீட்டுத்திட்டங்கள் குறைந்தன, வேலை குறைந்தது, குடி குறையவில்லை. சாராயத்துக்குக் காசு போதாதபோது கசிப்பு.

நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஐந்நூறு, ஆயிரம். 2016இல் அவன் மோட்டார் சைக்கிள் எடுத்த லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்து வைத்தேன். நாலு மாதம் கட்டினான், மிச்சத்தை நான் கட்டினேன். வேலைக்குப் போகாத நாளில் பாஸ் போன் எடுத்தால் "அவனுக்குக் காய்ச்சல் அண்ணை" என்று சொன்னேன். அவனுடைய மனைவி கேட்டால் "என்னோடதான் நிண்டவன் தங்கச்சி" என்றேன். இவையெல்லாம் அம்மாவைத் தூக்கிய தோளுக்கு நான் கட்டுகிற கடன் என்று நினைத்தேன்.

2017இல் கடையில் புதுச் செப்புக்கம்பி உருளை ஒன்று காணாமல் போனது. செம்பு பழைய இரும்புக் கடையில் நல்ல விலைக்குப் போகும். யார் எடுத்தது என்று எனக்கு உடனே தெரியும், ஏனென்றால் கடைத் திறப்பு இருக்கும் இடம் எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அந்தக் கம்பி ஒரு வயதான கமக்காரரின் மோட்டருக்கு வாங்கி வைத்தது. அவருடைய மிளகாய்த் தோட்டம் அந்த மோட்டரை நம்பி இருந்தது. நான் அவரிடம் "வயர் வர ரெண்டு கிழமை ஆகும் ஐயா" என்றேன். உண்மையில் புதிதாக வாங்க என்னிடம் காசில்லை. கிழவர் வாளியால் அள்ளி ஊற்றினார். முடியவில்லை. பாதித் தோட்டம் வாடிப்போனது. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, "என்ன செய்யிறது தம்பி, வயர் வரேல்லத்தானே" என்றார்.

அன்றிரவு என் மனைவி கேட்டாள்: "அவர் அம்மாவைத் தூக்கினது உங்களுக்காகத்தானே? அந்தக் கிழவரிட்டை என்ன கடன் இருந்தது? அவற்றை தோட்டத்தை எடுத்துக் கட்டுறீங்கள்?"

பதில் இருக்கவில்லை. நண்பனுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நான் சாராயத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கென்று இதுவரை ஒன்றுமே கொடுக்கவில்லை. அந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது.

ஆனால் அடுத்து நான் செய்தது இன்னும் பெரிய பிழை. இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு இதே பிழையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

2018 வைகாசியில், வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். "இண்டையோட விடு. அம்மனில சத்தியம் பண்ணு. இனி ஒரு துளி குடிச்சாலும் என்ர முகத்தில முழிக்காதை" என்றேன். அவன் அழுதான், சத்தியம் பண்ணினான், அன்றிரவே நிறுத்தினான். சொன்னபடி செய்தான். மறுநாள் பின்னேரம் கை நடுங்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் சிந்தியது. உடம்பெல்லாம் வியர்வை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான், சுவரில் ஒன்றும் இல்லை. "குடி இறங்குது, பொறுத்துக்கொள்" என்று நானும் அவன் மனைவியும் சொன்னோம். அடுத்த நாள் விடியற்காலை வலிப்பு வந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே ஒரு இளம் டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நாளாந்தம் அதிகமாகக் குடிக்கிறவரின் மூளை, மதுவின் அடக்குதலுக்கு ஈடுகொடுத்துப் பழகியிருக்கும். மதுவைத் திடீரென்று எடுத்தால் அடக்க ஆளில்லாமல் மூளை கொதிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி இல்லாதவை தெரியலாம், காய்ச்சல் ஏறலாம், உயிரும் போகலாம். வைத்தியசாலையில் வைத்து மருந்து கொடுத்து, அந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஊசியும் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். "நீங்கள் வீட்டில சத்தியம் வாங்கி நிப்பாட்டினது, பிறேக் இல்லாமல் இறக்கத்தில விட்ட மாதிரி" என்றார்.

அன்றைக்கு அவன் செத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைப்பேன். நாளாந்தம் குடிக்கிற நண்பன் உங்களுக்கு இருந்தால், "இண்டைக்கே விடு" என்று சொல்லாதீர்கள். "வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று சொல்லுங்கள். நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது, வலிப்பு என்று கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

ஆஸ்பத்திரியில் அவனை மனநலப் பிரிவுக்கும் அனுப்பினார்கள். அங்கே ஒரு உளவளத்துணையாளர் என்னோடும் தனியாக அரை மணித்தியாலம் பேசினார். குடிப்பவர்களின் குடும்பத்துக்கும் நண்பர்களுக்குமென்று 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனோன் என்ற அமைப்பில் மூன்று விஷயம் சொல்வார்களாம்: இதை நான் உண்டாக்கவில்லை, இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, இதை என்னால் குணப்படுத்தவும் முடியாது. இரண்டாவதில் நான் மாட்டிக்கொண்டேன். இவ்வளவு காலமும் நான் எல்லை என்று நினைத்தது அவனுடைய குடிக்குப் போட்ட வேலி. அது என் காணி இல்லை. என் கை, என் காசு, என் கையெழுத்து, என் கடைக் கதவு, என் வாய் இவைதான் என் காணி. வேலி அங்கேதான் போட முடியும்.

அவன் வீட்டுக்கு வந்து கொஞ்சம் தெளிந்த பிறகு, ஒரு காலமை ஏழு மணிக்குக் கடைக்குக் கூப்பிட்டேன். காலமை என்பது முக்கியம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அவனோடு கதைத்த எந்த ஞாயமும் அடுத்த நாள் மிஞ்சியதில்லை. அவன் மனைவியையும் என் மனைவியையும் பக்கத்தில் இருக்கச் சொன்னேன், பிறகு "அவன் அப்பிடிச் சொன்னான், இப்பிடிச் சொன்னான்" என்று கதை வரக்கூடாது என்பதற்காக. என்ன சொல்வது என்று முதல்நாளே என் மனைவியோடு பேசி முடிவெடுத்திருந்தேன். இரண்டு பேரில் ஒருவர் இளகினாலும் அந்த வழியால்தான் எல்லாம் போகும்.

சொன்னது இவ்வளவுதான்: "மச்சான், குடிக்கிறதும் விடுறதும் உன்ர விஷயம். அதை நான் இனிக் கேக்கமாட்டன். ஆனா என்ர கையால உனக்குக் காசு வராது. கையெழுத்து வராது. உனக்காக ஒருத்தரிட்டையும் பொய் சொல்லமாட்டன். வெறியில வந்தா கடைக்குள்ள விடமாட்டன். காலமை வந்தா தேத்தண்ணி இருக்கு. பசிச்சா சோறு இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டா ராத்திரி ரெண்டு மணியெண்டாலும் நான் வருவன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "அம்மாவைப் பாக்க வரலாமோ?" என்று மட்டும் கேட்டான். வெறியில்லாமல் எப்போதும் வரலாம் என்றேன்.

ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தான். 2020இல் ஊரடங்கு. வேலை இல்லை, பாரும் பூட்டு, ஆனால் கசிப்புக்கு ஊரடங்கு இருக்கவில்லை. திரும்பவும் தொடங்கினான். அப்போதுதான் நான் சொன்ன வார்த்தைகளுக்கு உண்மையான சோதனை வந்தது.

எங்கள் பேச்சு வழக்கில் மறுப்பதற்குச் சரியான சொல் இல்லை என்று அப்போது கண்டேன். யாரும் கடன் கேட்டால் "இப்ப கையில இல்லை" என்போம், அல்லது "பாப்பம்" என்போம். நல்ல மனிதர்களுக்கு இடையில் இதெல்லாம் கௌரவமான மறுப்பு. குடிக்குக் காசு தேடுகிறவனுக்கு "இப்ப இல்லை" என்பது நாளைக்கு வா என்ற அழைப்பு. "பாப்பம்" என்பது அரைவாசி ஓம். நான் "தரமாட்டன்" என்று சொல்லப் பழகினேன். காரணம் சொல்லவில்லை. காரணம் சொன்னால் அவன் அந்தக் காரணத்தோடு வாதாடுவான், வாதாடுவதில் எங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். பிள்ளைக்கு மருந்து வாங்க என்றால் "வா, நான் பாமசிக்கு வாறன்" என்று சைக்கிளை எடுத்தேன். இரண்டு தடவை உண்மையாகவே மருந்து வாங்கினோம். மற்றத் தடவைகளில் பாதி வழியில் "பிறகு வாங்குவம்" என்று திரும்பினான். பஸ்ஸுக்கு என்றால் பஸ்ஸில் ஏற்றி நடத்துனரிடம் நானே காசு கொடுத்தேன். கறண்ட் பில் என்றால் பில்லை வாங்கி நானே கட்டினேன்.

முதல் மூன்று கிழமைதான் மிகவும் மோசம். கடை வாசலில் நின்று தெருவெல்லாம் கேட்க ஏசினான். "உன்ர கொம்மாவைத் தூக்கின தோளடா இது, நன்றி கெட்டவனே" என்றான். சனம் நின்று பார்த்தது. எனக்கு உடம்பு நடுங்கியது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து கம்பி சுற்றினேன், எத்தனை சுற்று என்று எண்ணிக்கை தவறித் தவறி மூன்று தரம் கழற்றினேன். அடுத்த நாள் காலமை தெளிந்து வந்தபோது தேத்தண்ணி கொடுத்தேன். முதல்நாள் கதையை எடுக்கவில்லை. இரண்டும் வேண்டும் என்று நினைக்கிறேன். பின்னேரம் கதவு சாத்தியிருக்க வேண்டும், காலமை திறந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் அது தண்டனையாகிவிடும், அல்லது பழையபடி இளகலாகிவிடும். ஒருநாள் இளகி ஐந்நூறு கொடுத்தேன், அதையும் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் கேட்டான். இருபது நாள் மறுத்து இருபத்தோராம் நாள் கொடுத்தால், இருபத்தொரு நாள் கேட்க வேண்டும் என்றுதான் அவன் பழகுவான்.

உள்ளூரைவிடப் பெரிய சண்டை வெளிநாட்டிலிருந்து வந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் ஒரு குழு. அவன் இரவில் வெறியில் யாருக்காவது அழுதுகொண்டு குரல்பதிவு அனுப்புவான். அடுத்த நாள் அவன் கைக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் வரும். அந்தக் காசு வந்த நாட்களில்தான் அவன் மூன்று நாள் தொடர்ந்து வீட்டுக்குப் போகாமல் கிடந்தான். விடுமுறைக்கு வருகிறவர்கள் விமான நிலையத்தில் வாங்கிய போத்தலோடு வருவார்கள், பழைய கதை பேச அவனையும் கூப்பிடுவார்கள். அன்பினால்தான். அவர்களுக்கு அவன் ஒரு இரவு நண்பன். மற்ற முந்நூற்றுச் சொச்சம் இரவும் அவன் மனைவிக்கு.

நான் குழுவில் எழுதினேன்: அவன் கையில் காசு கொடுக்காதீர்கள், உங்கள் காசில்தான் அவன் சாகிறான். ஒருவன் உடனே கேட்டான், "அவன் பட்டதுக்குக் குடிக்காமல் என்ன செய்வான்? நீ என்ன மனுசனடா?" இரண்டு நாள் எனக்குப் பதில் எழுத முடியவில்லை. அவன் கேட்டதில் உண்மை இருந்தது. பட்டதற்கு அளவில்லை. ஆனால் குடித்ததால் அவனுடைய தம்பியின் குரல் நின்றதா? இல்லை. மருந்து எடுத்து, கிளினிக்குக்குப் போன அந்த ஒரு வருடத்தில்தான் அவன் விடிய நாலு மணி வரைக்கும் நித்திரை கொண்டான். இதைத்தான் கடைசியில் எழுதினேன். பிறகு மெல்ல மெல்ல மாறினார்கள். இப்போது பெரிய மகனின் ரியூசன் காசு நேரே ஆசிரியருக்குப் போகிறது. வீட்டுக் கூரைக்குத் தகரம் கடையிலிருந்து லான்ட்மாஸ்டரில் வந்து இறங்கியது, இறக்கிய அன்றே நாங்கள் நாலு பேர் சேர்ந்து அடித்துவிட்டோம். மிச்சம் மனைவியின் வங்கிக் கணக்குக்கு. வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது கேளுங்கள். உதவுங்கள், நிறைய உதவுங்கள், ஆனால் கையில் கொடுக்காதீர்கள்.

என் வீட்டில் போத்தல் வைப்பதையும் நிறுத்தினேன். நான் எப்போதாவது குடிக்கிறவன்தான். கலியாணம், தீபாவளி என்றால் ஒரு போத்தல் அலுமாரியில் இருக்கும். அவன் வந்து போகும் வீட்டில் அது இருக்கக்கூடாது என்று பட்டது. செத்தவீட்டில் கொட்டிலுக்குப் பின்னால் போத்தல் உடைக்கிற இடத்துக்கு அவன் போனால் நான் அங்கே நிற்பதில்லை. போகாதே என்று இழுப்பதும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த வேலிகள் எதுவும் செல்லாது. 2021இல் ஒரு இரவு போன் எடுத்து, "போகப்போறன் மச்சான், அம்மாவைப் பாத்துக்கொள்" என்றான். காசுக்காகச் சொல்கிறான் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் என்னை மன்னிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். விடியும்வரை அவனோடு திண்ணையில் இருந்தேன். வெறியில் வந்தால் விடமாட்டேன் என்ற சொல் அன்றைக்கு இல்லை. தோட்டம் செய்கிற ஊர் எங்களுடையது, பூச்சிமருந்து இல்லாத வீடு இல்லை. அவன் மனைவி அதையெல்லாம் எடுத்து என் கடைக்கு அனுப்பிவிட்டாள், இன்றும் என் கடைப் பெட்டியில்தான் பூட்டி இருக்கிறது. காலமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். யாராவது சாகப்போகிறேன் என்று சொன்னால் நம்புங்கள், தனியே விடாதீர்கள், நேரே கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம். போதைப்பொருள் பற்றிய ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது.

என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவனுக்கு வேறு விதமான நண்பர்கள். ஐஸ் என்கிற போதைப்பொருள். இது எங்கள் காலத்துக் குடி இல்லை, ஆள் இரண்டு மூன்று நாள் நித்திரை இல்லாமல் இருந்து, சந்தேகத்தில் வெடிப்பான். அவனிடம் ஒரு நண்பன் "இந்தப் பையை ரெண்டு நாள் வைச்சிரு" என்று கொடுத்திருக்கிறான். நல்லகாலம், என்னிடம் வந்து சொன்னான். 2022இல் திருத்திய சட்டப்படி ஐந்து கிராமோ அதற்கு மேலோ ஐஸ் பிடிபட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். பை யாருடையது என்று பிறகு நிரூபிப்பது உங்கள் பாடு. ஆகவே மற்றவனின் பை, மற்றவனின் மோட்டார் சைக்கிள், மற்றவனின் சிம் எதையும் நட்புக்காக வாங்கி வைக்காதீர்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

என் நண்பனின் மனைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலி போட்டபோது அதன் பாரம் அவள் மேல்தான் முதலில் விழுந்தது. என்னிடம் கிடைக்காத காசை அவளிடம் கேட்டு அடித்தான். இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. நண்பனுக்கு "தரமாட்டன்" என்று சொல்லப்போகிறவர் அதற்கு முதல் அவன் வீட்டில் இருப்பவர்களோடு பேச வேண்டும். இரவில் பயமென்றால் எங்கே வருவது, யாரைக் கூப்பிடுவது என்று ஒழுங்கு செய்ய வேண்டும். இப்போது எங்கள் வீட்டுப் பின்கதவு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் எப்போதும் திறந்திருக்கும். நாலைந்து தடவை வந்திருக்கிறார்கள். என் மனைவி ஒன்றும் கேட்காமல் பாயை விரித்துவிடுவாள்.

அவன் முற்றாக விட்டுவிட்டான் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. விடவில்லை. இந்த வருடம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் இருந்தான், வந்தான், ஒரு தடவை விழுந்தான். இப்போது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறான். கிளினிக் நாள் கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறது, அன்றைக்கு நான் கடை திறப்பதில்லை.

போன கிழமை காலமை எட்டு மணிக்கு வந்தான். தெளிவாக இருந்தான். "மச்சான், ஒரு ஆயிரம்" என்றான். தரமாட்டன் என்றேன். "தெரியும், கேட்டுப் பாத்தன்" என்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்தான். தேத்தண்ணி குடித்தான். கீழே எரிந்த மோட்டர் ஒன்று கிடந்தது. உளியை எடுத்து, கம்பியை வெட்டி, குறட்டால் இழுத்து இழுத்துப் பழைய செம்பை வெளியே எடுத்தான். பத்து மணியாகிவிட்டது. எடுத்ததையெல்லாம் சேர்த்துத் தராசில் போட்டு, என்னைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினான். பிறகு சுவரில் தொங்கிய கொப்பியை எடுத்து, தன் கையெழுத்தில், மோட்டர்க்காரர் பெயருக்கு நேரே எழுதினான்: செம்பு, 1 கிலோ 150.